அடிவயிற்று வலியும் ரத்தப்போக்கும்: நீர்க்கட்டியா, கருச்சிதைவா?

பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிறு வலிக்கிறது, லேசாக ரத்தமும் படுகிறது. எனக்கு இப்படி வந்தபோது அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இது சினைப்பை நீர்க்கட்டியா, கருச்சிதைவா என்று வலியை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எதை முதலில் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், மயக்கம் வந்தால், தோள்பட்டை நுனி வலித்தால், காய்ச்சல் இருந்தால், திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், மேலே படிக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டும் இருக்கலாம்.

அடுத்தது சிறுநீர் டெஸ்ட். என்னைக் கேட்டால் சாதாரணப் பட்டையே போதும், விலை கூடிய டிஜிட்டல் கருவி வேண்டாம். காலையில் முதலில் போகும் சிறுநீரில் செய்யுங்கள். நெகட்டிவ் என்று வந்தும் பீரியட்ஸ் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கட்டியாலும் பீரியட்ஸ் தள்ளிப்போகும்.

அப்புறம் வலியைக் குறித்து வையுங்கள். நீர்க்கட்டி வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, கனமாக இருக்கும். கட்டி உடைந்தால் சுரீரென்று இழுக்கும். கருச்சிதைவில் நடுவயிற்றுக்குக் கீழே விட்டுவிட்டுப் பிசையும், இடுப்புக்கும் பரவும், ரத்தம் கூடிக்கொண்டே போய் கட்டிகட்டியாக விழலாம். இந்த நாட்களில் கப் வேண்டாம், நாப்கின்தான் நல்லது. எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பலரும் தடுமாறுவது ஸ்கேனில்தான். "வலது சினைப்பையில் நீர்க்கட்டி" என்று ரிப்போர்ட் வந்தால் கர்ப்பம் இல்லை என்று அர்த்தமில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கட்டி, கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. ஆரம்பக் கர்ப்பத்தில் அது இருப்பது சகஜம், பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். எனக்கு இருந்ததும் அதுதான். அதனால் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால், "கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனில், கடைசி பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், கரு வளரும் பை சுமார் 5 வாரத்தில் தெரியும், இதயத்துடிப்பு சுமார் 6 வாரத்தில். அதற்கு முன் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் கரு கலைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் 7 முதல் 14 நாள் கழித்து மறு ஸ்கேன். அந்த இடைவெளி கொடுமையானது, ஆனாலும் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

பின்சேர்க்கை: கரு கலைந்த பிறகும் டெஸ்ட் ஏன் பாசிட்டிவ் காட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கர்ப்ப ஹார்மோன் வடியச் சில வாரங்கள் ஆகலாம். வலி மாத்திரை பற்றியும் கேள்வி வந்தது. கர்ப்பம் இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.