தகடு வைத்த என்பில் கிருமித்தொற்றா? படங்களை எந்த ஒழுங்கில் எடுப்பது

முறிவுக்குத் தகடோ கம்பியோ வைத்தபின் வலி குறையாமல் கூடுகிறது, காயத்தில் நீர் வடிகிறது என்றால், முதலில் தேட வேண்டியது சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எடுத்த எக்ஸ்றேயை. அது இல்லாமல் இன்றைய படத்தை மட்டும் வைத்து அதிகம் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்திலும் கிளினிக் மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ என்றால், பழைய படங்களையும் டயக்னோசிஸ் காட்டையும் (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் விவர அட்டை) நோயாளியையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

புதிய எக்ஸ்றேயை நேரும் பக்கமுமாக இரண்டு கோணத்தில், தகடு முழுவதும் மேல் கீழ் மூட்டுகளும் அடங்க எடுங்கள். முதல் 10–14 நாளில் தொற்று இருந்தும் படம் சுத்தமாக வரலாம். கனிமத்தில் 30 முதல் 50 வீதம் போன பிறகுதான் என்பு அரிப்பு கண்ணுக்குத் தெரியும். பார்க்க வேண்டியவை: ஸ்குறூவைச் சுற்றி படத்துக்குப் படம் அகலும் கறுப்பு வளையம், என்பின் வெளிப்படலத்தில் புதிதாகப் படியும் கோடு, அரிப்புக்கு நடுவே வெள்ளையாகத் தனித்து நிற்கும் செத்த துண்டு. வளையம் இருந்தால் தொற்றுத்தான் என்றில்லை, முறிவு பொருந்தாமல் ஆடினாலும் ஸ்குறூ இளகும். அதனால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையையும் சேர்த்துப் பாருங்கள். அது சத்திரசிகிச்சைக்குப் பின் 2–3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய் ஏறக்குறைய 3 வாரத்தில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகம் வலுக்கிறது.

அல்ட்ராசவுண்டில் என்பின் உள்ளே தெரியாது. தகட்டின் மேல் நீர் தேங்கியிருப்பது தெரியும். அது சீழா, உறைந்த இரத்தமா என்பதை ஊசியால் எடுத்துத்தான் அறியலாம். சிவந்து வீங்கிய தோலைத் தவிர்த்து, நல்ல தோல் வழியாக ஊசியை விடுங்கள்.

செத்த துண்டையும் முறிவு பொருந்தியதா என்பதையும் காண சி.ரி. சிறந்தது. உருக்குத் தகடு, டைற்றேனியத்தை விட அதிகம் கோடு பாய்ச்சிப் படத்தைக் கெடுக்கும். மெல்லிய வெட்டு, கூடிய கிலோவோல்ட், உலோகக்கோடு குறைக்கும் மென்பொருள் மூன்றையும் கேளுங்கள். ஆனால் அந்த மென்பொருளே ஸ்குறூவைச் சுற்றிப் பொய்க் கறுப்பை உண்டாக்குவதுண்டு; அது போடாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. 3–5 நாளிலேயே என்பு மச்சையில் மாற்றத்தைக் காட்டும். சிக்கல் என்னவென்றால், துளையிட்ட என்பும் மாதக்கணக்கில் ஸ்ரேர் படத்தில் (கொழுப்பை மறைத்து நீரைப் பளிச்செனக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) பளிச்சிடும். கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் ரி1 படத்தில் மச்சையின் கொழுப்பு வெள்ளை அழிந்து ஒரே பரப்பாகக் கறுத்திருந்தால்தான் அதற்குப் பெறுமதி. உலோகம் இருந்தால் 3 டெஸ்லாவை விட 1.5 டெஸ்லா நல்லது.

வன்னியில் எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: "உடம்புக்குள்ள செல்துண்டு ஏதும் இருக்கோ ஐயா?" 2009இல் முடிந்த போரில் பட்ட எறிகணைக் காயத்தை, கால் முறிவோடு தொடர்பில்லை என்று பலர் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பழைய தழும்புள்ள இடத்தை எக்ஸ்றே எடுங்கள். முகத்தில் காயம் பட்டிருந்தால் கண்குழியையும் எடுங்கள். கண்ணுக்குள் இரும்புத்துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. கூடாது, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகே என்றால் கதிரியக்க நிபுணர் தீர்மானிக்கட்டும்.

கதிரியக்க என்பு ஸ்கானை முதல் வருடத்தில் கேட்பதில் பயன் குறைவு. ஆறுகிற என்பும் அந்தக் கதிரியக்க மருந்தை அதேபோலப் பற்றும்.

எந்தப் படமும் கிருமியின் பெயரைச் சொல்லாது. காய்ச்சல் நடுக்கத்தோடு வந்தாலோ கால் விரைவாக வீங்கினாலோ ஸ்கானுக்குக் காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நோயாளி நிலையாக இருந்தால், நிபுணரிடம் கேட்டு அன்ரிபயோட்டிக்கை 2 வாரம் நிறுத்திவிட்டு, அறுவையின்போது ஆழத்திலிருந்து 5 மாதிரிகள் எடுப்பார்கள். இரண்டிலாவது ஒரே கிருமி வளர்ந்தால் உறுதி. புண்ணின் மேலே துடைத்தெடுத்த பஞ்சு இதற்கு உதவாது. நீரிழிவுள்ள வயல்காரர் என்றால் மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று) சந்தேகம் என்று ஆய்வுகூடத் தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தக் கிருமியை வெளியிலிருந்து கலந்த அழுக்கென்று எறிந்துவிடக்கூடும்.