காலரா: மருத்துவமனை சேரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை

பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் நீரைக் கொதிக்க வைத்தாலும், அதில் போடும் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்று கேட்பது அரிது; காலராக் கிருமியோ உறைந்ததும் மடிந்துவிடுவதில்லை. நோயாளியின் மலம் கலந்த நீர், அந்நீர் பட்ட உணவு, அரைவேக்காட்டுச் சிப்பி ஆகியவற்றின் வழியாகவே இந்நோய் பரவுகிறது.

கிருமி உட்சென்ற சில மணி நேரம் முதல் 5 நாள்களுக்குள், அரிசி கழுவிய நீரைப் போன்ற பேதி தொடங்கலாம். கிருமியின் நச்சு சிறுகுடலிலிருந்து உப்பையும் நீரையும் பெருமளவில் வெளியேற்றுகிறது. ஆயினும் சர்க்கரையும் உப்பும் இணைந்து நீரை உள்ளிழுக்கும் வழி கெடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். எனப்படும், வாய்வழி கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பயன்படுத்துவது அந்த வழியைத்தான்.

மருந்தகப் பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க வேண்டும். சமையலில் கைகொடுக்கும் கண்ணளவு இங்கே உதவாது. உப்பு கூடினால் ஆபத்து. நோயாளி வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேதியை அடக்கும் மாத்திரையைத் தர வேண்டாம்.

கண்கள் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, கிள்ளிய தோல் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பினால், உடனே மலேசிய அவசர எண்ணான 999-ஐ அழைக்கவும். மருத்துவமனையில் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை இரத்தக் குழாய் வழியாக விரைந்து ஏற்றுவார்கள். டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி நோய்க்காலத்தைக் குறைக்குமே தவிர, இழந்த நீருக்கு ஈடாகாது.