முகத்தை விடுங்கள், முதுகிலிருந்து தொடங்குங்கள்

"கோபமா முகத்தை வச்சுக் காட்டுங்க" என்றுதான் என் முதல் நாடக வகுப்பை நானும் தொடங்கினேன். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஒருவன் பல்லைக் கடித்து உறுமினான். மற்ற பதினொரு பேரும் அவனைப் பார்த்து அப்படியே உறுமினார்கள். அவர்களில் யாருக்கும் கோபம் இல்லை. சற்று நேரம் கழித்து ஒரு சிறுமியின் வண்ணப் பென்சிலை இன்னொரு பிள்ளை எடுத்துக்கொண்டது. அவள் உறுமவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, தோளைத் தூக்கி, சுவரைப் பார்த்து நின்றாள். அவளுடைய கோபம் முதுகில் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் முதுகில்தான் தொடங்குகிறேன். ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து நிற்கட்டும். அதன் காதில் மட்டும் ஒரு சூழலைச் சொல்லுங்கள்: "நீ கட்டின கோபுரத்தை யாரோ இடிச்சுட்டாங்க." திரும்பாமல், பேசாமல், முதுகாலும் கையாலும் காலாலும் அது காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளைகள் இதில் மலர்ந்துவிடுகிறார்கள். யாருடைய கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? ஊகம் தவறினால் உடனே திருத்தாதீர்கள். "அழறான்" என்று ஒருத்தியும் "இல்ல, தூக்கம் வருது" என்று ஒருவனும் சொன்னால், "எதை வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். "தலை தொங்குது, ஆனா கை இறுக்கமா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லும் நொடிக்காகத்தான் இந்த விளையாட்டே.

உணர்ச்சி உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நம் பேச்சே சொல்லித்தருகிறது. நெஞ்சு படபடக்குது, வயித்தைக் கலக்குது, தொண்டை அடைக்குது, கையும் ஓடல காலும் ஓடல, முகம் வாடிப்போச்சு. வாரத்துக்கு ஒன்றை எடுத்து உடம்பால் செய்து பாருங்கள். 'கையும் ஓடல காலும் ஓடல' வந்த வாரம் பிள்ளைகள் பதறி ஓடத் தொடங்கி நடுவில் அப்படியே உறைந்தார்கள். சில நாள் கழித்து ஒரு பையன் என்னிடம் வந்து, "எனக்கு வயித்தைக் கலக்குது, ஆனா வலிக்கல" என்றான். பயம் என்ற சொல் அவனுக்கு அப்போது வரவில்லை. வராமலே அவன் பயத்தைச் சொல்லிவிட்டான். எனக்கு அது போதும். பெயரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லி நடிக்கச் சொல்லாமல், காரணத்தைக் கொடுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் காரணங்களாக நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. அழுகைக்கு அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதைப் பிள்ளைகளின் உலகத்துக்குக் கொண்டுவந்தேன். இளிவுக்கு, எல்லாரும் கேலி செய்தார்கள். இழவுக்கு, பிடித்த பொம்மை தொலைந்துவிட்டது. முன்பிருந்த நிலை மாறி வருந்துவது அசைவு. அதற்கு, புதுப் பாப்பா வந்ததும் அம்மா மடியில் இடமில்லை. வறுமைக்கு, எல்லாரிடமும் இருப்பது என்னிடம் மட்டும் இல்லை. நான்கையும் நடிக்கவிட்டுப் பாருங்கள், நான்கு வேறு உடம்புகள் வரும். கேலிக்கு அழும் பிள்ளை முகத்தை மூடிக்கொள்கிறது. பொம்மையைத் தொலைத்தது அங்குமிங்கும் தேடுகிறது. மடி போனதோ நகராமல் அங்கேயே நிற்கிறது.

குரலுக்கு ஒரே ஒரு சொல் போதும்: "போ." கோபத்தில் ஒரு போ, செல்லச் சிணுங்கலில் ஒரு போ, "நீ போயிடாதே" என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே சொல்லும் ஒரு போ. மூன்றையும் சொல்லும்போது கை எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு. கோபம் தரையளவு, முட்டியளவு, இடுப்பளவு, தலைக்கு மேல் என்று கையால் உயரம் காட்ட, பிள்ளைகள் அந்த அளவுக்கு நடிப்பார்கள். ஏறுவது எல்லாருக்கும் எளிது. இறங்குவதைத்தான் பழக்க வேண்டும். நான் கையை மெல்லத் தாழ்த்துவேன். மூச்சை நீளமாக விட்டு, விரல்களைப் பிரித்து, தோளை இறக்கி அவர்களும் இறங்குவார்கள். இதில் அவசரம் வேண்டாம். ஏறுவதற்கு ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு கொடுங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பிள்ளையின் சொந்தத் துயரத்தை எல்லார் முன்னாலும் நடிக்கச் சொல்லாதீர்கள். "நேத்து நீ அழுதியே, அதைச் செஞ்சு காட்டு" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் என் பக்கமே வரவில்லை. இப்போது பொம்மை முயலுக்குத்தான் எல்லாம் நடக்கிறது. "முயலுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றால் பிள்ளைகள் தங்கள் கதையை முயலின் வாயால் சொல்கிறார்கள். அதை மெல்ல அவர்கள் பக்கம் திருப்பாமல் முயலின் கதையாகவே கேளுங்கள். "நல்லா அழுதே" என்று பாராட்டவும் வேண்டாம். வெறுமனே உட்கார்ந்து பார்க்க விரும்பும் பிள்ளையை இழுக்காதீர்கள், பார்ப்பதும் பயிற்சிதான்.

இந்த வயதுக்குப் பதினைந்து நிமிடம் போதும். அதில் கடைசி மூன்று நிமிடத்தை வெளியே வருவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் பயத்தை நடித்தால் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள், கை சில்லிட்டிருக்கும். கையை உதறச் சொல்லி, காலை உதறச் சொல்லி, தரையை இரண்டு முறை தட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் கேளுங்கள்: "இப்ப நீ யாரு?" தன் பெயரைத் தன் குரலில் சொன்ன பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.