மேல்காற்றும் மர மகரந்தமும்: ஒவ்வாமை உள்ளவர்கள் வானிலையைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலில் நனைகிறவர் மேலும், கயத்தாற்றுக் காற்றாலைகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் போகிறவர் மேலும் வீசுவது மேல்காற்று எனப்படும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். மலையேறும்போதே அது ஈரத்தின் பெரும்பகுதியை இறக்கிவிடுவதால், செங்கோட்டை, தென்காசிப் பக்கம் தூறலாக விழுவது பாளையங்கோட்டைக்கும் இராதாபுரத்துக்கும் வந்து சேரும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. மர மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் வருகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வேறு ஊர்களுக்காக எழுதப்பட்ட மகரந்தக் கால அட்டவணையை இங்கே நம்பியிருப்பதில் பயனில்லை. நம் ஊர்க் காற்றை நாமே படிக்கப் பழக வேண்டும்.

எல்லா மரங்களின் மகரந்தமும் காற்றில் பறப்பதில்லை. கொன்றை, பூவரசு போலப் பளிச்சென்று பூத்து வண்டையும் தேனீயையும் அழைக்கும் மரங்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பெரும்பாலும் மரத்தடியைத் தாண்டாது. கவனிக்க வேண்டியவை சவுக்கு, ஆண்பனை, தென்னை, இவற்றோடு சீமைக்கருவேல். சீமைக்கருவேலின் பூவைத் தேனீ மொய்த்தாலும் அதன் மகரந்தம் காற்றிலும் கலக்கிறது. ஆழ வேரோடிய மரமாதலால் மழை பொய்த்த ஆண்டிலும் பூக்கத் தவறுவதில்லை. ஒரு நாள் மொட்டைமாடியில் நின்று, எந்தத் திசையில் பனைவிளை இருக்கிறது, எந்தத் திசையில் கருவேலங்காடு இருக்கிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே இருக்கும் மரங்கள் மேல்காற்றுக் காலத்திலும், கிழக்கிலும் வடக்கிலும் இருப்பவை கொண்டலும் வாடையும் வீசும் மாதங்களிலும் உங்கள் வீட்டை நோக்கித் தூவும். மகரந்தத்தில் பெரும்பகுதி மரத்துக்கு அருகிலேயே விழுந்துவிடும் என்பதால், தொலைவில் உள்ள பெருங்காட்டைவிட வளவுக்குள் நிற்கும் ஒற்றை மரம் அதிகத் தொல்லை தரவும் கூடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நாளின் பொழுது. மகரந்தப்பை உலர்ந்தால்தான் வெடிக்கும். வெயில் ஏறி ஈரப்பதம் குறையும் காலை வேளையில் மகரந்தம் வெளிப்படத் தொடங்குகிறது. தரை சூடேறி எழும் காற்று அதை மேலே தூக்கிப் பரப்புகிறது. மார்கழி, தை மாதங்களில் பனி உலரும்வரை இது தள்ளிப்போகும் என்பதால், அந்த மாதங்களில் விடிகாலை நடைப்பயிற்சி ஓரளவு பாதுகாப்பானது. பங்குனி, சித்திரையில் அப்படி இல்லை. காற்றே இல்லாத தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து தேங்கிவிட, பகலில் உயரே போன துகள்கள் மீண்டும் கீழே படிகின்றன; மாலைக்குப் பிறகு தும்மல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரையில் திருச்செந்தூர், உவரி போன்ற ஊர்களில் பகலில் கடற்காற்று வீசும் நேரம், மரங்களற்ற நீர்ப்பரப்பின் மேலிருந்து வருவதால், பெரும்பாலும் ஆறுதலானது.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மழை வந்தால் தொல்லை தீரும் என்ற எண்ணம் பாதி மட்டுமே உண்மை. நின்று பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மழை விட்டு வெயில் அடித்தவுடன், அதுவரை வெடிக்காமல் இருந்த பூக்கள் சேர்ந்து வெடிக்கக்கூடும். இடிமழையில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. முழு மகரந்தத் துகள் பொதுவாக 20 முதல் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளது, மூக்கிலேயே தங்கிவிடும். ஈரத்தில் ஊறி உடையும்போது அதிலிருந்து வரும் நுண்துகள்கள் நுரையீரல் வரை இறங்குகின்றன. மழைக்கு முன் வீசும் குளிர்காற்று அவற்றைத் தரைமட்டத்தில் அள்ளிக்கொண்டு வருகிறது. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இத்தகைய இடிமழைக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினர். பத்துப் பேர் இறந்தனர். அங்கே காரணம் மரமன்று, புல்லின் மகரந்தம். ஆயினும் இளைப்பு உள்ளவர்கள் இங்கும் கோடைமழைக்கும் ஐப்பசி இடிமழைக்கும் முன்னால் புழுதியோடு காற்று எழும்போதே உள்ளே வந்து சன்னலைச் சாத்திவிடுவது நல்லது. மண்வாசனையை முற்றத்தில் நின்று அனுபவிக்கும் ஆசையை அவர்கள் அரைமணி நேரம் தள்ளிப்போட வேண்டும்.

கார்த்திகை அடைமழையில் வரும் தும்மலுக்கு மகரந்தத்தைக் குறை சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் சுவரில் பூக்கும் பூஞ்சையாலும் மெத்தையில் வளரும் தூசிப்பூச்சியாலும் வருவது. எது என்று உறுதிசெய்யத் தோல் பரிசோதனை உண்டு.

இனி, ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் திசை, ஈரப்பதம், மழை, பூத்திருக்கும் மரம், தும்மலின் அளவு ஆகிய ஐந்தையும் தினமும் ஒரே வரியில் எழுதினால் போதும். ஆர்வம் உள்ளவர்கள் கண்ணாடிச் சில்லில் வாஸ்லின் (Vaseline) களிம்பைத் தடவி, மழை படாத திறந்த இடத்தில் ஒரு நாள் வைத்து, பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டரில் வாழ்ந்த மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, தும்மல் நோய்க்கு மகரந்தமே காரணம் என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்தறிந்தவர். உயரத்தில் எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்று காண, ஒட்டும் கண்ணாடியைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். நமக்கு மொட்டைமாடியே போதும்.

வறண்ட காற்று வீசும் நாள்களில் முற்பகலில் சன்னலை மூடுங்கள். துணியை உள்ளே உலர்த்துங்கள். வண்டியில் போகும்போது முகக்கவசம் அணியுங்கள். வீடு திரும்பியதும் தலையோடு குளித்துவிடுங்கள். காய்ச்சி ஆறவைத்த கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவலாம். காய்ச்சாத நீரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் முழுப்பயன் தரச் சில நாள்கள் ஆகும் என்பதால், உங்கள் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள்.