பிரிட்டிஷ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்து முடித்த பலர், அதற்கு மூலம் பிரிட்டனில் வந்தது என்று கேள்விப்பட்டு, 1990-இல் பிபிசி அதே பெயரில் ஒளிபரப்பிய தொடரைத் தேடி வருகிறார்கள். நாலே பாகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். முடித்தபின் “நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்பப் பழசு” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரான்சிஸ் அர்க்கர்ட் என்ற அந்த இனிய, ஈவிரக்கமற்ற அரசியல்வாதியைப் போல இன்னொரு பாத்திரம் தொலைக்காட்சியில் அமைவது அரிது. அவரைத் தவறவிடுவதற்குத் தொடரின் வயது காரணமில்லை, நாம் பார்க்கும் விதத்தில் நேரும் சில தவறுகள்தான் காரணம். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லிவிடாமல் அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கதை தொடங்கும்போது அர்க்கர்ட் ஆளும் கன்சர்வேடிவ் கட்சியின் தலைமைக் கொறடா. நம் ஊரில் கொறடா என்றால் வாக்கெடுப்புக்கு முன்னால் உத்தரவு போடுகிறவர், அவ்வளவுதான். உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதை 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், பதவியே போய்விடலாம். அதே நினைப்போடு இந்தத் தொடரைப் பார்த்தால், இவ்வளவு சின்னப் பதவியில் இருப்பவர் எப்படிப் பிரதமரையே அசைக்கிறார் என்று குழப்பம் வரும்.

பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே கொறடா அலுவலகம் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும். முக்கியமான வாக்கெடுப்பின் கீழே மூன்று கோடு போட்டிருக்கும். அதையும் மீறி ஒருவர் எதிர்த்து வாக்களித்தால், அதிகபட்சம் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்குவார்கள். அவர் சுயேச்சையாக அதே தொகுதிக்கு உறுப்பினராக உட்கார்ந்திருப்பார். சட்டம் துணைக்கு வராததால் கொறடா மனிதர்களைத்தான் நம்ப வேண்டும்: யாருக்கு என்ன ஆசை, யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் என்ன சிக்கல். 1970 முதல் 1973 வரை எட்வர்ட் ஹீத் அரசில் கொறடாவாக இருந்த டிம் ஃபோர்டெஸ்கியூ, 1995-இல் ஒரு பிபிசி ஆவணப்படத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார். அசிங்கமான சிக்கலில் மாட்டிய உறுப்பினர் உதவி கேட்டு வந்தால் செய்வோம், அதற்கப்புறம் காலம் முழுக்க அவர் நாங்கள் சொன்னபடி கேட்பார் என்பது அவர் தந்த விளக்கம். அர்க்கர்ட்டின் ஆயுதக்கிடங்கு இதுதான். வழக்கப்படி கொறடாக்கள் அவை விவாதங்களில் பேசுவதுமில்லை. பொதுமக்களுக்கு முகம் தெரியாத, ஆனால் சக உறுப்பினர் ஒவ்வொருவரின் ரகசியமும் தெரிந்த ஒரு மனிதர். அவரைப் பிரதமர் ஹென்றி காலிங்ரிட்ஜ், உயர்ந்த அமைச்சர் பதவி தருவதாக நம்பவைத்து ஏமாற்றுகிறார். கொறடா யார் என்று புரிந்தவருக்கு அந்தக் காட்சியிலேயே வயிற்றைக் கலக்கும்.

அடுத்த தவறு, இது கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வீழ்ந்த கதையை வைத்து எடுத்தது என்று நினைப்பது. முதல் காட்சியில் அர்க்கர்ட் தாட்சரின் புகைப்படத்தைக் கையில் எடுத்து, எதுவும் நிரந்தரமில்லை என்கிறார். இன்று பார்ப்பவருக்கு நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய வசனமாகத் தோன்றும். தேதிகளைக் கவனியுங்கள். முதல் பாகம் ஒளிபரப்பானது 1990 நவம்பர் 18. அன்று தாட்சர் பிரதமர். கட்சித் தலைமைக்காக அவருடைய கட்சி எம்.பி.க்களிடையே முதல் சுற்று வாக்கெடுப்பு நடந்தது 20-ஆம் தேதி. தாட்சருக்கு 204, அவரை எதிர்த்து நின்ற சக கட்சிக்காரர் மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. அதிக வாக்கு வாங்கியும், விதிப்படி இருக்க வேண்டிய 56 வாக்கு இடைவெளிக்கு நாலு குறைந்தது. இரண்டே பேர் பக்கம் மாறியிருந்தால் அந்தச் சுற்றிலேயே அவர் ஜெயித்திருப்பார். 22-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். இரண்டாம் பாகம் வந்தபோது நாடே அடுத்த தலைவர் யார் என்று காத்திருந்தது. 27-ஆம் தேதி ஜான் மேஜர் வென்றார்.

தொடரோ அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான நாவல் 1989-இலேயே வந்துவிட்டது. எழுதிய மைக்கேல் டாப்ஸ் அந்தக் கட்சியின் தலைமையகத்திலேயே உயர்ந்த பொறுப்பில் வேலை பார்த்தவர். அதனால் இதை எதிர்க்கட்சிக்காரர் செய்த தாக்குதலாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. வீட்டுக்குள் இருந்தவர் வீட்டைப் பற்றி எழுதியது.

இனி, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அர்க்கர்ட் அடிக்கடி கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுகிறார். இதை ஒரு அலங்கார உத்தியாக எடுத்துக்கொண்டு, கதை எங்கே போகிறது என்பதில் மட்டும் கண்வைப்பவர்கள் தொடரின் உயிரையே விட்டுவிடுகிறார்கள். நாவலில் இது கிடையாது. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் கொண்டுவந்தது. நடித்த இயான் ரிச்சர்ட்சன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் பல வருடம் நடித்தவர். பார்வையாளரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு கொலைக்குத் திட்டமிடும், ஷேக்ஸ்பியர் நாடகத்து மூன்றாம் ரிச்சர்டை மனதில் வைத்துத்தான் இந்தப் பாத்திரத்தைச் செய்தார்.

தொடக்கத்தில், கட்சிக் கூட்டத்தில் நின்றபடி, தலைமைப் போட்டியில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நமக்கு அறிமுகப்படுத்துகிறார். என்ன மரியாதை, என்ன நெருக்கம்! நாமும் அவரைப் போலவே புத்திசாலிகள், இந்த மடையர்களைவிட மேலானவர்கள் என்று உணரவைக்கிறார். அந்தப் பெருமைக்கு நாம் மயங்கிவிடுகிறோம். அப்புறம் அவர் பொய் சொல்லும்போதும், ஒரு பலவீனமான மனிதரை நசுக்கும்போதும், அதே கண்கள் நம் பக்கம் திரும்புகின்றன. சில இடங்களில் வசனம்கூட இல்லை, புருவத்தின் ஒரு சின்ன அசைவு மட்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தொடர் பார்ப்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அந்தப் பார்வை நம்மிடம் எதிர்பார்ப்பது சம்மதம். அவர் ஜெயிக்க வேண்டும் என்று நாம் விரும்பியிருப்போம், அதனால் நாமும் பங்காளி. அங்கதத்தின் கூர் அரசியல்வாதியை விட்டுவிட்டு, வசீகரத்துக்கு மயங்கி வாக்களிக்கிற நம் பக்கம் திரும்புவது இந்த இடத்தில்தான். ‘நல்ல வில்லன்’ என்று சொல்லி ரசித்து முடித்துக்கொள்வது இதனால்தான் தவறு.

அவருடைய புகழ்பெற்ற பதில் ஒன்று உண்டு: நீங்கள் அப்படி நினைக்கலாம், நான் கருத்துச் சொல்ல முடியாது. பஞ்ச் டயலாக் மாதிரி இதை எடுத்து மீம் போடுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் அரசியல் நிருபர்களுக்குப் பெயர் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு தகவல் தரும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. மாட்டி ஸ்டோரின் என்ற இளம் பெண் நிருபர் அர்க்கர்ட்டிடம் ஒரு ஊகத்தைச் சொல்கிறார். அர்க்கர்ட் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. செய்தி அவள் வாயிலிருந்து வந்தது, அவர் கை சுத்தமாக இருக்கிறது. அவளுக்கோ தானே கண்டுபிடித்த பெருமை. ஒவ்வொரு முறை அந்த வசனம் வரும்போதும், யார் என்ன சொன்னார்கள், எதை யார் சொல்லாமல் விட்டார்கள் என்று கவனித்தால் சதியின் இயந்திரம் முழுக்கத் தெரியும்.

மாட்டியை வெறும் ஏமாளி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. சுசானா ஹார்க்கர் நடித்த அந்தப் பெண் அறிவுள்ளவள், உண்மையை விடாமல் துரத்துகிறவள். அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசை அந்த அறிவை எப்படி வளைக்கிறது என்பதுதான் அவள் கதை. அதேபோல டயான் ஃபிளெட்சர் நடித்த எலிசபெத் அர்க்கர்ட். கொஞ்ச நேரமே வருகிறார், குரலை உயர்த்துவதில்லை. ஆனால் கணவர் தயங்கும் இடத்தில் அவரைத் தள்ளிவிடுவது எலிசபெத்தான். அவர் வரும் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள்.

அமெரிக்கத் தொடரோடு ஒப்பிடுவது தப்பில்லை, ஆனால் நீளத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். பிரிட்டனில் சொந்தக் கட்சி உறுப்பினர்கள் கைவிட்டால் பிரதமர் சில நாளில் வெளியே போய்விடுவார், தாட்சருக்கு நடந்ததுபோல. அமெரிக்க அதிபரை அப்படி இறக்க முடியாது. அதனால் அமெரிக்கத் தொடரின் நாயகன் ஃபிராங்க் அண்டர்வுட் பல மாடிகள் ஏற வேண்டியிருக்கிறது, அர்க்கர்ட்டுக்கு நாலு பாகம் போதும்.

முதல் நாலு பாகத்தோடு நிறுத்திவிடுவதும் ஒரு இழப்பு. 1993-இல் வந்த ‘டு பிளே தி கிங்’கில் அர்க்கர்ட் பிரதமர், எதிரே புதிதாக முடிசூடிய மன்னர். மைக்கேல் கிச்சன் நடித்த மன்னர் ஏழைகளுக்காக மனம் வருந்துகிறவர். நம் மனம் உடனே அவர் பக்கம் சாயும். ஆனால் பிரிட்டிஷ் அரசியல் மரபில் முடியாட்சி கட்சி அரசியலில் தலையிடக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில் நல்லவர் வரம்பு மீறுகிறார், கெட்டவர் பேசும் மரபு சரியாக இருக்கிறது. இந்தச் சங்கடத்தை நல்லவர், கெட்டவர் என்று எளிதாக்கிக்கொண்டால் அந்தத் தொடரில் மிச்சம் ஒன்றுமில்லை.

1995-இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ மூன்றாவது, கடைசி. முதல் தொடரின் கச்சிதம் இதில் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் வயதான அர்க்கர்ட்டாக ரிச்சர்ட்சனைப் பார்ப்பதற்காகவே அதைப் பார்க்கலாம். பிரதமர் பதவியில் தாட்சர் இருந்த காலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அதில் அவருடைய வெறி. தொடர் தொடங்குவது தாட்சரின் இறுதிச் சடங்கில். அப்போது தாட்சர் உயிரோடு இருந்தார், 2013-இல்தான் இறந்தார். அந்தக் காட்சியை டாப்ஸ் கடுமையாக எதிர்த்துத் தன் பெயரையே தொடரிலிருந்து எடுக்கச் சொன்னார். மூன்றையும் வந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் தொடரின் கடைசிக் காட்சியைத் தெரிந்தவர்களுக்காக எடுக்கப்பட்டவை, இடையில் நுழைந்தால் அந்தக் காட்சி உங்களுக்குக் கெட்டுப்போகும்.