இருவர் ஆடும் போர்டு கேம்: சீட்டுக்கட்டில் தொடங்கி முதல் பெட்டி வரை

போர்டு கேம் என்றால் பகடை விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துவது மட்டும்தான் என்று நினைத்திருந்தால், நவீன ஆட்டங்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். இவற்றிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் உங்கள் முறை வரும்போதெல்லாம் இரண்டு மூன்று நல்ல வழிகள் கண்ணெதிரே இருக்கும். எதில் போவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இருவருக்கான ஆட்டங்களில் பல அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கணவனும் மனைவியும் சேர்ந்து பழகுவதற்கு இது மிகப் பொருத்தமான பொழுதுபோக்கு.

தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இருப்பதிலேயே பிரபலமான பெட்டியை வாங்கிவிடுவார்கள். கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த 'கட்டான்' அருமையான ஆட்டம். ஆனால் அது 3 அல்லது 4 பேருக்கானது. ஆடுபவர்கள் தங்களுக்குள் பண்டம் மாற்றிக்கொள்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இரண்டே பேர் என்றால் ஒருவருக்கு லாபமான மாற்று மற்றவருக்கு நேரடி நஷ்டம். யாரும் மாற்ற முன்வர மாட்டார்கள். எனவே இருவருக்கு என்றே செய்யப்பட்டதையோ, இருவர் ஆடினாலும் சுவை குறையாததையோ தேடுங்கள்.

படி 1: வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

இந்த வகை ஆட்டம் உங்கள் இருவருக்கும் பிடிக்குமா என்று பார்க்கச் சாதாரண சீட்டுக்கட்டு போதும். ரைனர் க்னீட்சியாவின் 'லாஸ்ட் சிட்டீஸ்' 1999-இல் வந்த, இருவர் மட்டுமே ஆடும் சீட்டாட்டம். அசல் பதிப்பில் 5 நிறங்களில் 60 சீட்டுகள். அதையே 4 நிறத்தோடு வீட்டில் இருக்கும் சீட்டுக்கட்டில் ஆடிப் பார்க்கலாம். ஹார்ட், டைமன், கிளப், ஸ்பேட் ஆகிய நான்கும்தான் இங்கே நான்கு நிறங்கள்.

1. கட்டிலிருந்து ஜோக்கர்களையும் நான்கு ஏஸ்களையும் எடுத்து ஓரமாக வையுங்கள். மீதி 48 சீட்டு இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.
2. 2 முதல் 10 வரை எண் சீட்டுகள். ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் 'பந்தயச் சீட்டுகள்'. மூன்றும் ஒரே மாதிரிதான்.
3. கலைத்து ஆளுக்கு 8 சீட்டு போடுங்கள். மீதியைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள்.
4. உங்கள் முறையில் முதலில் ஒரு சீட்டை இறக்க வேண்டும். பிறகுதான் ஒன்றை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.
5. இறக்க இரண்டு வழி. உங்கள் பக்கம் அந்த நிறத்துக்கான வரிசையில் வைக்கலாம். அல்லது நடுவில் அந்த நிறத்துக்கான கழிவு அடுக்கில் முகம் தெரியப் போடலாம்.
6. உங்கள் வரிசையில் எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். 4-க்குப் பிறகு 7 வைத்துவிட்டால் 5, 6 இரண்டும் உங்களுக்குப் போய்விட்டன. பந்தயச் சீட்டை எண் சீட்டுக்கு முன்னால் மட்டுமே வைக்கலாம்.
7. எடுப்பதற்கும் இரண்டு வழி. கவிழ்த்த கட்டிலிருந்து எடுக்கலாம், அல்லது ஏதாவது ஒரு கழிவு அடுக்கின் மேல் சீட்டை எடுக்கலாம். இப்போது நீங்களே கழித்த சீட்டை உடனே திருப்பி எடுக்க முடியாது.
8. கட்டின் கடைசிச் சீட்டை யாராவது எடுத்த கணமே ஆட்டம் முடிந்தது.

புள்ளி எண்ணுவதில்தான் இந்த ஆட்டத்தின் கூர்மை இருக்கிறது. ஒரு நிறத்தைத் தொடங்கியவுடனே அதில் உங்கள் கணக்கு மைனஸ் 20. அதோடு எண்களின் கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும். ஒரு பந்தயச் சீட்டு இருந்தால் வந்த விடையை 2-ஆலும், இரண்டு இருந்தால் 3-ஆலும், மூன்றும் இருந்தால் 4-ஆலும் பெருக்க வேண்டும். அந்த நிறத்தில் பந்தயச் சீட்டையும் சேர்த்து 8 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், பெருக்கிய பிறகு 20 கூடுதல். தொடாத நிறத்துக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டைமனில் ஒரு பந்தயச் சீட்டு, பிறகு 4, 6, 7, 9. கூட்டினால் 26. இருபதைக் கழித்தால் 6. இரண்டால் பெருக்கினால் 12 புள்ளி. அதே பந்தயச் சீட்டோடு 3, 5 மட்டும் வைத்து ஆட்டம் முடிந்திருந்தால்? எட்டில் இருபது போனால் மைனஸ் 12, இரண்டால் பெருக்க மைனஸ் 24. பந்தயம் நஷ்டத்தையும் பெருக்கும் என்பதை முதல் ஆட்டத்திலேயே இருவரும் புரிந்துகொள்வீர்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நான்கு நிறத்தையும் தொடங்கிவிடுவது. கட்டில் மிஞ்சுவது 32 சீட்டு. கழிவு அடுக்கைத் தொடாவிட்டால் ஆளுக்கு 16 முறைதான் இறக்க வரும். அதற்குள் நான்கு நிறத்திலும் இருபதைத் தாண்டுவது கடினம். இரண்டில் தொடங்கி, கை நன்றாக இருந்தால் மூன்றாவதைத் திறப்பது நல்ல அளவு. இன்னொன்று: கட்டு மெலியும்போது, வைக்க வேண்டிய சீட்டு உங்கள் கையில் இன்னும் மீதி இருந்தால், கழிவு அடுக்கிலிருந்து எடுங்கள். கட்டு குறையாது, உங்களுக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கும்.

மூன்று சுற்று ஆடிக் கூட்டிப் பாருங்கள். முடிந்ததும் இருவரில் யாராவது "இன்னொரு தடவை" என்றால் பெட்டி வாங்கலாம். இருவருக்குமே பிடிக்கவில்லை என்றால் போட்டியில்லாத, சேர்ந்து ஆடும் ஆட்டங்களைக் கீழே பாருங்கள்.

படி 2: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் மேல் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை பேர், எத்தனை நிமிடம், எத்தனை வயதுக்கு மேல். '2–4' என்று இருப்பதாலேயே இருவருக்கு நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. போர்டு கேம் கீக் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எத்தனை பேர் ஆடினால் சிறப்பு என்று வாக்கெடுப்பு இருக்கும். எவ்வளவு சிக்கலானது என்று 5-க்கு ஒரு கனமும் கொடுத்திருப்பார்கள். முதல் பெட்டியின் கனம் 2-ஐத் தாண்ட வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை முதல் முறைக்கு இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஜெய்ப்பூர்' (2009) சந்தையில் சரக்கு வாங்கி விற்கும் சீட்டாட்டம். 55 சீட்டு, அதில் 11 ஒட்டகம். கையில் 7 சீட்டுக்கு மேல் கூடாது. ஒட்டகங்கள் அந்தக் கணக்கில் வராது. சீக்கிரம் விற்றால் விலை அதிகம், காத்திருந்து மொத்தமாக விற்றால் போனஸ். இந்த இழுபறிதான் ஆட்டம். இதில் இரண்டு விதிகளைத் தவறவிடுவார்கள்: வைரம், தங்கம், வெள்ளியை ஒற்றைச் சீட்டாக விற்க முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும், ஒட்டகம் எடுத்தால் சந்தையில் இருக்கும் எல்லா ஒட்டகத்தையும் எடுத்தாக வேண்டும்.

மைக்கேல் கீஸ்லிங்கின் 'அசூல்' (2017) கையில் பிடிக்கவே இதமான டைல்கள் கொண்டது. 2018-இல் ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருது பெற்றது. நான்கு பேர் வரை ஆடலாம். இருவர் ஆடும்போது டைல்களைப் பரப்பும் வட்டங்களில் 5 மட்டும் நடுவில் வைக்க வேண்டும். எதிராளிக்கு வேண்டாத டைலைத் தள்ளிவிடும் வேலை இருவர் ஆட்டத்தில் கடுமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போட்டி மனத்தாங்கலாகும் வீடுகளுக்கு 'ஸ்கை டீம்' (2023) நல்ல தொடக்கம். இருவர் மட்டுமே ஆடுவது. ஒருவர் விமானி, மற்றவர் துணை விமானி. பகடை உருட்டும் முன் பேசலாம், உருட்டிய பிறகு பேசக் கூடாது. ஆளுக்கு 4 பகடையை வைத்துக்கொண்டு விமானத்தைத் தரையிறக்க வேண்டும். இது 2024-இன் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது பெற்றது.

'கோட்நேம்ஸ் டூயட்' (2017) ஒருவர் தரும் குறிப்பை வைத்து மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, அதுவும் சேர்ந்து ஆடுவது. பெட்டியில் இருக்கும் சொற்கள் உங்களுக்கு இயல்பாக வராத மொழியில் இருந்தால் கவலை வேண்டாம். 25 துண்டுக் காகிதத்தில் தமிழ்ப் பெயர்ச்சொற்களை எழுதி 5-க்கு 5 கட்டமாக அடுக்குங்கள். யார் எந்தச் சொல்லுக்குக் குறிப்பு தர வேண்டும் என்று காட்டும் அட்டையில் நிறங்கள் மட்டுமே உண்டு, அப்படியே பயன்படும். 'கல்', 'மாலை', 'படி', 'திங்கள்' போல இரு பொருள் தரும் சொற்களை நிறையச் சேர்த்தால் ஆட்டம் சுவைக்கும்.

ஒரே ஒரு பெட்டிதான் என்றால், எங்கள் தேர்வு ஊவே ரோசன்பெர்க்கின் 'பேட்ச்வொர்க்' (2014). துணித் துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் ஆட்டம் இது. எதிராளி கட்டியதைக் கலைக்கும் வழியே இதில் இல்லை. அதனால் தோற்றவருக்கும் தான் தைத்த போர்வை கண்முன் இருக்கும்.

படி 3: முதல் ஆட்டம், பேட்ச்வொர்க்

விதிப்புத்தகத்தை ஒருவர் முந்தின நாளே படித்து, தனியாக ஒருமுறை பரப்பிப் பார்த்துவிட வேண்டும். இருவரும் மேசையில் உட்கார்ந்து புத்தகத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தால், பாதி ஆட்டம் தொடங்கும் முன்பே அலுத்துவிடும்.

சொல்லித் தரும்போது வரிசை முக்கியம். எப்படி ஜெயிப்பது என்று முதலில். உங்கள் முறையில் என்ன செய்யலாம் என்று அடுத்து. எப்போது முடியும் என்று அதன்பின். சின்னச் சின்ன விதிவிலக்குகளை அவை வரும்போது சொன்னால் போதும்.

மேசையில் இடம் தாராளமாக வேண்டும். இருவர் காயும் நகரும் நேரப் பலகையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி 33 துணித் துண்டுகளை வட்டமாகப் பரப்ப வேண்டும். ஆளுக்கு 9-க்கு 9 கட்டம் கொண்ட பலகை வேறு. ஆளுக்கு 5 பொத்தான். பொத்தான்தான் காசு. இரண்டே கட்டம் கொண்ட மிகச் சிறிய துண்டைக் கண்டுபிடித்து, கடிகார திசையில் அதற்கு அடுத்து நடுநிலைக் காயை வையுங்கள்.

உங்கள் முறையில், நடுநிலைக் காய்க்கு முன்னால் இருக்கும் மூன்று துண்டுகளில் ஒன்றை வாங்கலாம். பொத்தானைச் செலுத்தி, நடுநிலைக் காயைத் துண்டு இருந்த இடத்துக்கு நகர்த்தி, துண்டைப் பலகையில் பொருத்தி, அதில் குறித்த நேரத்துக்கு உங்கள் காயை நேரப் பலகையில் முன்னே தள்ளுங்கள். வாங்க விருப்பமோ பொத்தானோ இல்லையென்றால், எதிராளிக்கு ஒரு கட்டம் முன்னால் போய் நில்லுங்கள். நகர்ந்த கட்டத்துக்கு ஒன்றாகப் பொத்தான் கிடைக்கும்.

புதியவர்களைக் குழப்புவது முறை மாறும் விதம். ஆளுக்கொரு முறை என்று மாறி மாறி வராது. நேரப் பலகையில் பின்தங்கியவர்தான் ஆடுவார். ஒருவரே தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஆடலாம். இருவர் காயும் ஒரே கட்டத்தில் இருந்தால் மேலே இருக்கும் காய்க்குரியவர் ஆட வேண்டும். ஒவ்வொரு முறையும் "யார் பின்னால்?" என்று கேட்டுப் பழகினால் குழப்பம் தீரும்.

அடுத்து மறப்பது வருமானம். நேரப் பலகையில் பொத்தான் குறியைக் கடக்கும்போது, உங்கள் துண்டுகளில் வரைந்திருக்கும் பொத்தான்களை எண்ணி அத்தனை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே பொத்தான் வரைந்த துண்டுகளை ஆரம்பத்திலேயே வாங்குவது லாபம். கடைசிக் குறியைக் கடந்த பின் வாங்கினால் அந்தப் பொத்தான் வீண்.

முடிவில் கையில் உள்ள பொத்தான்களிலிருந்து, காலியான ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 கழிக்க வேண்டும். 7-க்கு 7 சதுரத்தை முதலில் நிரப்பியவருக்கு 7 புள்ளி. முதல் ஆட்டத்தில் மைனஸில் முடிவது சாதாரணம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று ஒருவர் நினைத்துக்கொள்வார்.

படி 4: மனம் கோணாமல் தொடர்வது

ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் விதிகளை வளைக்காமல் தொடக்கத்தை மாற்றுங்கள். பேட்ச்வொர்க்கில் தோற்றவர் 5-க்குப் பதில் 8 பொத்தானோடு தொடங்கட்டும். இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டால் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். தெரிந்தே விட்டுக்கொடுப்பது வேண்டாம். எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார், அதன்பின் உண்மையான வெற்றியையும் நம்பமாட்டார்.

சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் வேறு தொல்லை: ஒருவரே இருவருக்கும் யோசித்துச் சொல்வார், மற்றவர் காய் நகர்த்தும் கை மட்டும் ஆகிவிடுவார். நோய் பரவுவதைச் சேர்ந்து தடுக்கும் ஆட்டமான மேட் லீக்காக்கின் 'பேண்டமிக்'கில் (2008) இது அடிக்கடி நடக்கும். யாருடைய முறையோ அவர் தன் திட்டத்தைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மட்டும் ஆலோசனை. அந்த ஆட்டத்தைத் தொடங்கும்போது சீட்டுக்கட்டில், நோயைத் தீவிரமாக்கும் எபிடெமிக் சீட்டு 4 மட்டும் சேர்த்தால் போதும். 5-உம் 6-உம் பழகியவர்களுக்கு.

ஒருவர் அதிக நேரம் யோசித்தால் மணற்கடிகாரம் வைக்காதீர்கள், பதற்றம்தான் கூடும். எதிராளியின் முறையிலேயே உங்கள் அடுத்த அடியை யோசித்து வைப்பது பழக்கமாகிவிட்டால் காத்திருப்பு பாதியாகும்.

படி 5: அடுத்த பெட்டி எப்போது

முதல் பெட்டியைப் பத்து முறையாவது ஆடுங்கள். ஜெய்ப்பூரோ பேட்ச்வொர்க்கோ நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகுதான் தன் ஆழத்தைக் காட்டும். விதிப்புத்தகத்தைத் திறக்காமலே பரப்பி ஆட முடிகிறது, புள்ளி வித்தியாசம் சுருங்குகிறது என்றால் '7 வொண்டர்ஸ் டூயல்' (2015) போன்ற கனமான இருவர் ஆட்டத்துக்குப் போகலாம்.

எடுத்து வைக்கும்போது ஜிப் பையில் வகைவகையாகப் பிரித்து வையுங்கள். பரப்ப ஆகும் நேரம் பாதியாகக் குறையும். களைத்த நாளிலும் ஆட மனம் வரும். மூடும் முன் துணித் துண்டுகளை எண்ணி 33 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கட்டத் துண்டுதான் முதலில் கட்டிலுக்கடியில் போகும். அது இல்லாமல் நடுநிலைக் காயை எங்கே வைப்பது என்றே தெரியாது.