மலையடிவார முகாமில் சிக்கிள் செல் சோதனை: குழாய் கலங்கினால் சீட்டில் என்ன எழுதுவது?

நீலகிரி மலைமக்களிடம் அரிவாள் வடிவச் சிவப்பணு (சிக்கிள் செல்) இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். ஆனைகட்டி, மேட்டுப்பாளையம் அடிவாரத்து இருளர் பதிகளுக்கு முகாம் போகும் லேப் டெக்னீஷியன்களுக்கும் நர்ஸ்களுக்குமான குறிப்பு இது. ரத்தத்தை ஒரு திரவத்தில் விட்டு, கலங்குகிறதா என்று பார்க்கும் இந்தக் கரைதிறன் சோதனை எளிது. சறுக்குவது பெரும்பாலும் திரவத்திலும் ரிசல்ட் சீட்டிலும்தான்.

ரெடிமேட் கிட் இருந்தால் அதன் தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் 100 மில்லி திரவத்துக்கு நீரற்ற டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 21.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 16.9 கிராம், சோடியம் டைதயோனைட் 0.5 கிராம், சபோனின் 0.1 கிராம். இதே வரிசையில் காய்ச்சி வடித்த நீரில் ஒவ்வொன்றாகக் கரைத்து, கடைசியில் 100 மில்லிக்கு நிரப்புங்கள். சபோனின் சிவப்பணுவை உடைக்கும், டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் எஸ் (சிக்கிள் வகை), அடர்ந்த பாஸ்பேட்டில் கரையாமல் கலங்கிப்போகும். சாதாரண ஹீமோகுளோபின் ஏ கரைந்து தெளிவாக நிற்கும்.

டைதயோனைட் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும். டப்பாவில் கட்டிதட்டிய தூளைத் தொடவே வேண்டாம். கலந்த திரவத்தை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் 7 நாளுக்கு மேல் நம்பக் கூடாது. வீரியம் போன திரவத்தில் எஸ் உள்ள ரத்தமும் தெளிவாகவே தெரியும். முகாமே நெகட்டிவ் ஆகிவிடும்.

குழாய்க்கு 2 மில்லி ஊற்றி, குளிர் விடும்வரை வெளியே வையுங்கள். ஈடிடிஏ (உறையாமல் தடுப்பது) கலந்த ரத்தத்தை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி 20 மைக்ரோலிட்டர் விட்டு, 5 நிமிடம் பொறுங்கள். கருப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டைக்கு 2.5 செ.மீ. முன்னால் குழாயைப் பிடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் நெகட்டிவ், மறைந்தால் பாசிட்டிவ். ஒவ்வொரு தொகுப்போடும் இரண்டு கன்ட்ரோல் குழாய் ஓடட்டும்: ஒன்று சாதாரண ரத்தம், இன்னொன்று ஏ.எஸ். ரத்தம் (கடத்தி, அதாவது அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் எஸ் பெற்றவர்). பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு எஸ்.எஸ். (இருவரிடமிருந்தும் எஸ் பெற்ற நோயாளி) ரத்தம் வைக்காதீர்கள். பாதி செத்த திரவத்திலும் அது கலங்கிக் காட்டும், ஏ.எஸ். காட்டாது.

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இருந்தால் முழு ரத்தத்தில் பாசிட்டிவ் தவறிப்போகும். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் நேர்மாறாகப் பொய்க் கலங்கல் வரும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்த சிவப்பணுவில் 10 மைக்ரோலிட்டர் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும் இந்தச் சோதனையே வேண்டாம்.

குழாய் கலங்கியதை வைத்து நோயா, கடத்தியா என்று சொல்ல முடியாது. ஆகவே சீட்டில் ‘சிக்கிள் நோய்’ என்று எழுதாதீர்கள். ‘கரைதிறன் சோதனை பாசிட்டிவ், ஹெச்.பி.எல்.சி. தேவை’ என்று எழுதுங்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை அது. அதற்கான ரத்த மாதிரியை 2 முதல் 8 டிகிரிக்குள், ஐஸ் பேக் நேரடியாக உரசாதபடி துணி சுற்றி அனுப்புங்கள். உறைந்தால் செல் உடைந்து மாதிரி வீண். ஹெச்.பி.எல்.சி. தாளில் கடத்திக்கு எஸ் பெரும்பாலும் 35–40 சதவீதம், மீதி பெரும்பகுதி ஏ. எஸ்.எஸ். நோயில் ஏ இருக்காது. ஏ குறைவாகவும் எஸ் அதைவிடக் கூடுதலாகவும் இருந்தால், பீட்டா தலசீமியாவும் (ஹீமோகுளோபின் ஏ உற்பத்தி குறையும் பரம்பரைக் குறை) சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள்; ரத்தம் ஏற்றினாரா என்றும் கேளுங்கள்.

கடத்தி என்று உறுதியானபின், “ஏனுங்க, அப்ப எனக்கு நோவுங்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். “நோவு இல்லீங்க. அப்பாவோ அம்மாவோ ஒருத்தர்கிட்ட இருந்து வந்துருக்குது. கட்டிக்கப் போறவங்களுக்கும் ஒருக்கா பார்த்துரோணுங்க” என்றால் போதும். இருவரும் கடத்தியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

துணைவருக்குக் குழாய்ச் சோதனை மட்டும் செய்து ‘நெகட்டிவ்’ என்று அனுப்புவதுதான் பெரிய ஓட்டை. அவர் பீட்டா தலசீமியா கடத்தியாக இருந்தால் குழாய் தெளிவாகவே நிற்கும். ஆனால் பிள்ளைக்கு சிக்கிள்-தலசீமியா வரலாம். அவருக்கும் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஹெச்.பி.எல்.சி. இரண்டும் எடுங்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே, ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் தலசீமியா கடத்தி என்று பாருங்கள். கடுமையான இரும்புச்சத்துக் குறைவில் ஏ2 இறங்கிக் காட்டும். மாத்திரை கொடுத்து ரத்தம் தேறியபின் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.